பூட்டிய பெட்டிக்குள் பன்னிரண்டு உருண்டைகள்

மற்ற வீடுகளில் ஒரு சாமான் காணாமல் போனால் கட்டிலுக்கு அடியில் தேடுவார்கள். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவுவார்கள். பூட்டுக்காரர் வீட்டில் மட்டும் எல்லோரும் முதலில் பூட்டைப் பார்ப்பார்கள். யார் திறந்தது, எந்தச் சாவியால் திறந்தது என்றுதான் அங்கே பேச்சே தொடங்கும்.

அந்தப் பழக்கத்தால் வந்த வினைதான் இந்தக் கதை.

பூட்டுக்காரரின் கடை தெருமுனையில் இருந்தது. கடைக்குப் பின்னாலேயே வீடு. முன்பக்கம் சாவி அறுக்கும் மெஷின் கிர்ரென்று சுற்றும். பின்பக்கம் தையல் மெஷின் கடகடவென்று ஓடும். தையல் மெஷின் அவர் மனைவியுடையது. அந்தத் தெருவில் பாதிப் பேரின் சட்டை அவள் தைத்ததுதான். பெற்ற பிள்ளைகளுக்கும் தன் தொழிலிலிருந்தே அவள் செல்லப்பெயர் வைத்திருந்தாள். ஒல்லியாக, நறுக்கென்று பேசுகிற மகள் ஊசி. உருண்டையாக, எப்போதும் யாரையாவது ஒட்டிக்கொண்டே இருக்கிற மகன் பொத்தான்.

ஊசிக்குப் பன்னிரண்டு வயது ஆகப்போகிறது. பொத்தானுக்கு ஐந்து.

ஆண்டின் தொடக்கத்தில் அம்மா காய்ச்சலில் விழுந்தாள். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிறகு வீட்டுக்கு வரவேயில்லை.

எல்லாம் முடிந்த மறுவாரம், அப்பா அம்மாவின் துணிகளை மடித்துத் தகரப் பெட்டியில் அடுக்கினார். பூச்சி அரிக்காமல் இருக்க, இடையிடையே பாச்சை உருண்டைகளைப் போட்டார். ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவில் வெள்ளை வெளேரென்று இருந்தது. பொத்தான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினான். பன்னிரண்டு. அதற்கு மேல் அவனுக்கு எண்ணத் தெரியாது. அதுவரை சொல்லிக்கொடுத்திருந்தது அம்மாதான்.

அப்பா பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்புக் கொத்தில் கோத்துக்கொண்டார். அந்தப் பூட்டுக்கு இன்னொரு சாவியும் உண்டு. அது அம்மாவின் கைப்பையில் இருந்தது. ஆஸ்பத்திரி அலைச்சலில் பை எங்கே போனதென்று தெரியவில்லை. தேடுகிற மனநிலையில் யாரும் இல்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு பெருமழை. சுவரெல்லாம் ஈரம். துணி நனைந்திருக்குமோ என்று அப்பா பெட்டியைத் திறந்து பார்த்தார். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பொத்தான் எட்டிப் பார்த்து, விரல் விட்டு எண்ணி, மறுபடி எண்ணி, "ஏழுதான்பா இருக்கு" என்றான்.

இருந்த ஏழும் பட்டாணி அளவுக்கு இளைத்துப்போயிருந்தன.

அப்பா உருண்டைகளைப் பார்க்கவில்லை. பூட்டைத்தான் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை, நெம்பிய தடம் இல்லை. பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி ஊசியைப் பார்த்தார். அந்த வீட்டில் அவரைத் தவிர அரத்தால் ராவிச் சாவி செய்யத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். கற்றுக்கொடுத்ததும் அவரேதான்.

"நீ திறந்தியா?"

"இல்லப்பா."

"அம்மா ஞாபகம் வந்தா என்கிட்ட கேளு, நான் திறந்து தரேன். சாவி செஞ்சியான்னு மட்டும் சொல்லு."

"செய்யலப்பா."

"பூட்டைத் திறக்காம ஒரு சாமான் வெளியே போகாது, ஊசி."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட ஊசிக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவள் எழுந்து போய்ப் பாத்திரம் துலக்க ஆரம்பித்தாள். துலக்கிய பாத்திரத்தையே திரும்பவும் துலக்கினாள்.

அப்போதுதான் பொத்தான், உலகத்திலேயே மிகச் சாதாரணமான விஷயத்தைச் சொல்வதுபோல, "அம்மாகிட்ட ஒரு சாவி இருக்குல்ல" என்றான்.

ஊசி துலக்குவதை நிறுத்தினாள்.

"அம்மாதான் வந்து எடுத்துட்டுப் போறா. அங்க அவளுக்கும் துணி இருக்கும்ல? பூச்சி அரிக்குமே" என்று அவன் விளக்கமும் தந்தான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. அதைப் பார்த்தபின் இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அப்பாவுக்கும் வரவில்லை, ஊசிக்கும் வரவில்லை.

அப்பா தனக்குத் தெரிந்ததைச் செய்தார். புதிதாக ஐந்து உருண்டைகளைப் போட்டுக் கணக்கைப் பன்னிரண்டாக்கினார். பழைய பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மூன்று நாள் உட்கார்ந்து தன் கையாலேயே ஒரு புதுப் பூட்டு செய்து மாட்டினார். அதற்கு ஒரே சாவிதான். அது அவர் இடுப்பில் இருந்தது.

"இப்ப எப்படி வருவா உங்க அம்மா?" என்று பொத்தானிடம் கேட்க அவர் நினைத்திருக்கலாம். கேட்கவில்லை. கேட்காமலேயே பொத்தான் பதில் வைத்திருந்தான். அம்மா பூட்டுக்காரர் பெண்டாட்டி, அவளுக்குத் திறக்கத் தெரியாதா என்றான். அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அன்றிலிருந்து அவன் பெட்டியை விட்டு அசையவில்லை. சாப்பாட்டுத் தட்டையும் அங்கேயே கொண்டுபோனான். பெட்டியோடு ஒட்டிப் பாயை விரித்து, மூடியின் இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு தூங்கினான். "அம்மா வாசனை வருது" என்று சொல்லிக்கொண்டான். காலையில் எழுந்தால் தலைவலி. சில நாள் வாந்தி. உருண்டையாக இருந்த பிள்ளையின் கன்னம் ஒட்டிப்போயிற்று. மருந்துக்கடையில் வாங்கி வந்த மருந்து எதற்கும் கேட்கவில்லை.

ஒருநாள் அப்பா மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு பெட்டியைப் பரணில் தூக்கி வைத்தார். பொத்தான் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். இரண்டாம் நாள் மாலை பெட்டி தானாகவே கீழே வந்துவிட்டது. தூக்கி வைத்தவரேதான் இறக்கினார்.

அடுத்த மாதம் பொத்தானைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். "நான் போயிருக்கும்போது அம்மா வந்துட்டா?" என்று கேட்டான் அவன்.

மாதக் கடைசியில் அப்பா பெட்டியைத் திறந்தார். ஆறு உருண்டைகள்தான் இருந்தன.

இந்த முறை அவர் ஊசியைப் பார்க்கவில்லை. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "சாவி இல்லாம இதைத் திறக்க எனக்கே அரை மணி நேரம் ஆகும்" என்றார் யாரிடமோ சொல்வதுபோல. பிறகு திரும்பி வாசல் கதவைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை ஊசி கவனித்தாள். அப்பாவும் நம்பத் தொடங்குகிறார். தம்பி நம்பியபோது அவளுக்குப் பாவமாக இருந்தது. அப்பா நம்பியபோது பயமாக இருந்தது. இத்தனைக்கும் கதவு கிறீச்சிடும்போதெல்லாம் அவளும் ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறவள்தான்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் திடப்பொருள் பாடம். அறிவியல் டீச்சர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மேசை நாற்காலிகளை ஓரம் தள்ளச் சொன்னார். பிள்ளைகளையே அணுக்களாக நிற்க வைத்தார்.

முதலில் உலோகம். எல்லோரும் வரிசை வரிசையாக நின்றார்கள். ஆளுக்கொரு பந்து. அதைத் தன்னுடையது என்று யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது, வரிசைக்குள் ஓடவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பொதுப் பந்துகள்தான் எலக்ட்ரான்கள் என்றார் டீச்சர். முன்வரிசையை ஒரு தள்ளு தள்ளினார். வரிசை நகர்ந்தது. பந்துகள் எப்போதும்போல எல்லோரிடமும் ஓடின, கூட்டம் கலையவில்லை. அதனால்தான் உலோகத்தை அடித்தால் நசுங்கும், வளையும், ஆனால் சட்டென்று உடையாது.

அடுத்து உப்பு. சிவப்பு அட்டைக்காரரும் நீல அட்டைக்காரரும் மாறி மாறி நின்றார்கள். சிவப்பும் நீலமும் ஒன்றையொன்று இழுக்கும். சிவப்புக்குச் சிவப்பு ஆகாது, நீலத்துக்கு நீலம் ஆகாது. டீச்சர் ஒரு வரிசையை ஓரடி தள்ளியதும் சிவப்புக்கு எதிரே சிவப்பு வந்து நின்றது. எல்லோரும் துள்ளி விலகினார்கள். உப்புக்கட்டியைத் தட்டினால் நொறுங்குவது இப்படித்தான்.

மூன்றாவதுதான் ஊசியின் முறை. நாலு நாலு பேராக ஒருவரையொருவர் இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கூட்டமும் ஒரு மூலக்கூறு. பக்கத்துக் கூட்டத்தை மட்டும் சுண்டுவிரலால் தொட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான் பிடிப்பு. ஓரத்தில் இருக்கிற கூட்டம் ஆடிக்கொண்டே இருக்கும், எப்போது விரல் நழுவுகிறதோ அப்போது போய்விடலாம்.

ஊசியின் கூட்டம் ஓரத்தில் இருந்தது. ஆடியதில் விரல் நழுவியது. நாலு பேரும் கட்டிக்கொண்டபடியே தடுமாறி, பாதி சாத்தியிருந்த கதவின் இடுக்கு வழியாக வெளியே வந்துவிட்டார்கள். மற்ற மூவரும் சிரித்தார்கள். ஊசி சிரிக்கவில்லை. வராந்தாவில் நின்று, வந்த இடுக்கையே திரும்பிப் பார்த்தாள்.

யாரும் அவர்களை எடுத்துக்கொண்டு வரவில்லை. யாரும் கதவைத் திறந்துவிடவும் இல்லை. அவர்களாகவே வந்துவிட்டார்கள்.

வகுப்பு முடிந்ததும் அவள் டீச்சரிடம் போனாள். "டீச்சர், பாச்சை உருண்டை அந்த மூணாவது மாதிரியா?"

ஆமாம் என்றார் டீச்சர். உருகாமலேயே, மேலே இருக்கிற மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகக் காற்றில் போய்விடும். அந்த வாசனையே உருண்டைதான், அது மூக்குக்குள் வராமல் வாசனை தெரியாது. அதனால்தான் அதைத் தொட்டால் கை கழுவ வேண்டும், அடைத்த அறையில் நாள்முழுக்க அதைச் சுவாசிக்கக் கூடாது. தலைவலி வரும், வாந்தி வரும்.

ஊசிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீடுவரை ஓடினாள். வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

உள்ளே பொத்தான் பெட்டி மூடியில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தான்.

சொல்லிவிடலாம். அரை நிமிட வேலை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையிடம் மூலக்கூறு என்றால் கேட்பானா? அக்கா பொய் சொல்கிறாள் என்பான். இன்னும் இறுக்கமாகப் பெட்டியைப் பிடித்துக்கொள்வான். வாயால் சொன்னால் ஏறாது. அவனே பார்க்க வேண்டும். அதுவரை இந்தப் பெட்டியை விட்டு அவன் மூக்கைக் கிளப்ப வேண்டும்.

அவள் அவனருகே உட்கார்ந்தாள்.

"பொத்தான், உருண்டையை யார் எடுக்கறாங்கன்னு நீ பார்த்திருக்கியா?"

"இல்ல. பெட்டி பூட்டியிருக்கே."

"பூட்டின பெட்டியைக் காவல் காத்து என்னடா தெரியும்? வெளியே ஒண்ணு வைப்போம். கண்ணு முன்னாடி. என்ன ஆகுதுன்னு நீயே பாரு."

பொத்தான் மூடியிலிருந்து கன்னத்தை எடுத்து எழுந்து உட்கார்ந்தான். பிறகு, "நான்தான் காவல். நீ தொடக் கூடாது" என்றான்.

"தொட மாட்டேன். நீயும் தொடக் கூடாது."

ஊசி கடைக்குப் போய் அப்பாவிடம் இரண்டு புது உருண்டைகளைக் காட்டி, இவை நுழையாத ஒரு வாஷர் வேண்டும் என்றாள். திருகாணியில் நட்டோடு போடுவார்களே, நடுவில் ஓட்டை உள்ள தட்டை வளையம், அதுதான். எதற்கு என்று அப்பா கேட்டார். அவள் சொன்னாள். பாடத்தையும் சொன்னாள், சுண்டுவிரலையும் சொன்னாள், தம்பியின் தலைவலிக்குக் காரணத்தையும் சொன்னாள். அப்பா டப்பாவைக் கொட்டி, ஒவ்வொரு வாஷராக வைத்துப் பார்த்து, உருண்டையைவிட ஒரு மயிரிழை மட்டும் சிறிய ஓட்டை உள்ளதாகத் தேடிக் கொடுத்தார்.

ஜன்னல் விளிம்பில் இரண்டு மரக்கட்டைகள். அவற்றின் மேல் வாஷர். வாஷரின் மேல் ஒரு உருண்டை. அடியில் ஒரு எவர்சில்வர் தட்டு. இன்னொரு உருண்டையைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, மூடியை இறுக்கி, இடுக்கில் மெழுகை உருக்கி ஊற்றி அடைத்தாள். அதுவும் வாஷருக்குள் நுழையாத உருண்டைதான் என்பதைப் பொத்தானே பார்த்துக்கொண்டான். பிறகு மூவரும் வரிசையாக நின்று கை கழுவினார்கள்.

காவல் வேலை ஜன்னலுக்கு மாறியதும் பாயும் அதே பக்கம் மாறியது. ஆனால் இந்த உருண்டை ஒன்றுதான், அதுவும் திறந்த ஜன்னலில், நல்ல காற்றில். பெட்டியை அப்பா சத்தமில்லாமல் கடைக்குள் நகர்த்தி வைத்தார். பொத்தான் அதைப் பார்த்தான். காவல் முடியும்வரைதானே என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு விட்டுவிட்டான். நாலாம் நாள் காலையில் தலைவலி இல்லை. ஆறாம் நாள் இன்னொரு கரண்டி சோறு கேட்டான்.

அவன் காவல் காத்த அழகே தனி. ஒரு ஈ வந்து உருண்டையின் பக்கம் போனால்கூட, "ஏய், நீ யாரு?" என்று கேட்டான். கடைக்கு வந்த ஒருவர் ஜன்னலோரம் கையை ஊன்றப் போக, "அங்க வைக்காதீங்க, இது பூட்டாத சாமான்" என்று எச்சரித்தான். அப்பாவும் கடைக்கும் வீட்டுக்கும் நடக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்.

பதினோராம் நாள் விடுமுறை. நல்ல பகல். பொத்தான் ஜன்னல் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு நின்றான். ஊசி தரையில் உட்கார்ந்து பாடம் எழுதினாள். அப்பா கடையிலிருந்து தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார்.

டிங்.

உருண்டை வாஷரின் ஓட்டை வழியாகத் தட்டில் விழுந்து, ஒரு சுற்று சுற்றி நின்றது.

பொத்தான் கதவைப் பார்த்தான். ஜன்னல் கம்பிகளைப் பார்த்தான். அக்காவின் கைகளைப் பார்த்தான், அவை நோட்டின் மேல் இருந்தன.

"யாரும் தொடலை" என்றான்.

"ஆமா."

"நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"ஆமாடா. நீதான் பார்த்தே."

ஊசி புட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த உருண்டையை வாஷரின் மேல் வைத்தாள். அது நுழையவில்லை. வெளியே போக வழியில்லாமல் இருந்ததால் அது அப்படியே இருந்தது. அவள் தம்பியின் சுண்டுவிரலோடு தன் சுண்டுவிரலைக் கோத்து, லேசாக நழுவ விட்டுக் காட்டினாள். இவ்வளவுதான் அதன் பிடிப்பு, கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக் காற்றில் போய்விடும், பூட்டியிருந்தாலும் பெட்டி மூடியின் இடுக்கு அதற்குப் போதும் என்றாள். யாரும் எடுக்கவில்லை, தானாகப் போகிறது என்றாள்.

பொத்தான் தட்டில் கிடந்த உருண்டையையே பார்த்தான். அவன் என்ன கேட்கப் போகிறான் என்று அவளுக்குத் தெரியும். கேட்காமல் இருக்க மாட்டானா என்றும் இருந்தது.

"அப்போ அம்மா வரலையா?"

"வரலைடா."

"ஒரு தடவைகூடவா?"

ஊசிக்குச் சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னாள். "ஒரு தடவைகூட இல்ல."

பொத்தான் அழுதான். அம்மா இறந்த அன்று அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, அன்று அழவேண்டியதையும் சேர்த்து இன்று அழுதான். அப்பா தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவரும் அழுதார். ஊசி இருவர் நடுவிலும் தலையைப் புதைத்துக்கொண்டாள். அவர்கள் மூன்று பேரும் ஒன்றாக அழுதது அதுவே முதல் தடவை.

வெகுநேரம் கழித்துப் பொத்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்போ அந்த வாசனை அம்மாது இல்லையா?" என்றான்.

"அது உருண்டை வாசனைடா. அம்மா வாசனை வேற. மறந்துட்டியா?"

அவள் அவனைத் தையல் மெஷினிடம் கூட்டிப்போனாள். ஏழு மாதமாக யாரும் திறக்காத சின்ன இழுப்பறையை இழுத்தாள். மெஷின் எண்ணெயும் துணியில் கோடு போடும் சாக்பீஸ் தூளும் கலந்த வாசனை வந்தது. பொத்தானின் கண் விரிந்தது. "இதுதான்" என்றான்.

உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு பித்தளைத் தொப்பி இருந்தது. தையல் ஊசி குத்தாமல் இருக்க அம்மா தைக்கும்போது விரலில் மாட்டிக்கொள்வது. அந்தத் தையல் ஊசியின் தலை அழுத்தி அழுத்தி அதன் நுனி முழுக்கச் சின்னச் சின்னக் குழி. ஒரு பக்கம் அம்மாவின் விரலுக்கு ஏற்றபடி அமுங்கியிருந்தது. பொத்தான் அதைத் தன் விரலில் மாட்டினான். தொளதொளவென்று இருந்தது. கட்டைவிரலில் மாட்டினான், அமுங்கின பக்கத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"இதுவும் காத்துல போயிடுமா?"

"போகாது. இது பித்தளை. இதுக்குள்ள இருக்கற பந்தெல்லாம் எல்லாருக்கும் பொதுவாம், அதனால ஒண்ணும் விட்டுட்டு ஓடாது. அழுத்தினா கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும், நகர்ந்த இடத்துலயே மறுபடி பிடிச்சுக்கும். இந்தக் குழியெல்லாம் பாரு. அம்மா அழுத்தினது."

பொத்தான் விரலால் ஒவ்வொரு குழியாகத் தடவினான். பன்னிரண்டு வரை எண்ணிவிட்டு, "நிறைய இருக்கு" என்றான்.

அன்று மாலையே அப்பா பெட்டியைத் திறந்தார். மிச்சமிருந்த உருண்டைகளை அப்புறப்படுத்திவிட்டு, துணிகளையெல்லாம் கொடியில் காற்றாடப் போட்டார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை. துணியை உதறிக்கொண்டே, ஊசியின் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"உன்னை அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா."

"பரவாயில்லப்பா" என்றாள் ஊசி. பிறகு, அவள் ஊசியல்லவா, "அந்தப் பூட்டு நல்ல பூட்டுப்பா. உருண்டைக்குத்தான் அது தெரியல" என்றாள்.

அப்பா சிரித்தார். துணிகள் மீண்டும் பெட்டிக்குப் போயின. பூட்டு மட்டும் போகவில்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள். பொத்தான் புதுச் சட்டை போட்டுக்கொண்டான். பித்தளைத் தொப்பியும் தன்னோடு வரவேண்டும் என்றான். தொலைத்துவிடுவானே என்று ஊசி பயந்தாள். அப்பா அதை ஒரு கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுத் தருவதாகச் சொல்லி, கடைப் பலகைக்கு எடுத்துப்போனார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கை பழக்கத்தில் சின்னச் சுத்தியலை எடுத்தது.

"ஒரு பக்கம் நசுங்கியிருக்கே. தட்டி நிமிர்த்தித் தரவா? ரெண்டு நிமிஷம்தான். புதுசு மாதிரி ஆயிடும்."

பொத்தான் ஓடிவந்து பலகையின் மேல் இரண்டு கைகளையும் விரித்தான்.

"வேணாம்பா. அது அம்மா நசுக்கினது."

அப்பா சுத்தியலைக் கீழே வைத்தார். தொப்பியை இருந்தபடியே கயிற்றில் கட்டி, மகன் கழுத்தில் போட்டு, சட்டைக்குள் விட்டார். சட்டையின் மேல் பொத்தானை ஊசி மாட்டிவிட்டாள். பிறகு அக்காவும் தம்பியும் சுண்டுவிரலைக் கோத்துக்கொள்ளாமல், கையை முழுசாகப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள்.